பொதுச் சுவரை யார் பூசுவது?

செஞ்சிக் கோட்டைக்குள் ஒரு மாடிக் கட்டடம் நிற்கிறது. எட்டு நிலை, ஏறத்தாழ 80 அடி உயரம். கீழே சதுர முற்றம்; அதைச் சுற்றி வரிசையாக அறைகள். முற்றத்து நடுவில் எழும்பும் கோபுரத்தில் நிலைக்கு ஓர் அறை, எட்டடிக்கு எட்டடி. அறையைச் சுற்றி வளைவு வைத்த தாழ்வாரம், மேலே ஏறப் படிக்கட்டு. வெளியே இருந்த ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாய் வழியாக ஆறாவது நிலைவரை தண்ணீர் ஏறியது என்று ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் குறிப்புகள் சொல்கின்றன. மோட்டாரும் கிடையாது, மேல்நிலைத் தொட்டிக்காகச் சண்டையும் கிடையாது.

அதன் பெயர் கல்யாண மகால். அதை அப்பார்ட்மென்ட் என்று அழைத்தால் வரலாற்று ஆசிரியர்கள் முறைப்பார்கள். ஆனாலும் அங்கே பொதுவாக இருந்தவை மூன்று: முற்றம், படிக்கட்டு, தண்ணீர்க் குழாய். இன்றைக்குச் சென்னையிலோ கோவையிலோ எந்த அடுக்குமாடிச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனாலும் குரல் உயர்வது இதே மூன்றைப் பற்றித்தான். ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. கல்யாண மகாலில் குழாய் உடைந்தால் அரண்மனை ஆள் வந்து பார்த்தான். அரண்மனை போனது, ஆள் போனான், பிறகு குழாயும் போனது.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, ‘மராத்திய ராணுவ நிலக்காட்சிகள்’ என்ற தொகுப்பில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். மீதமுள்ள ஒன்று செஞ்சி. மாமல்லபுரம், சோழர் பெருங்கோயில்கள், நீலகிரி மலை ரயில் வரிசையில் இப்போது விழுப்புரம் மாவட்டத்துக்கும் ஓர் இடம். இனிப்புக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த கேள்விதான் சங்கடமானது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஓடும் மதிலை யார், எப்போது, எந்தப் பணத்தில் பழுதுபார்ப்பது?

செஞ்சியின் வரலாற்றையே ஒரு பராமரிப்புக் கணக்காகப் படிக்கலாம். கோனார் தலைவர்கள் தொடங்கிவைத்த கோட்டையை விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள். 1649-ல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி பிடித்தார், மதில்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் மொகலாயருக்குத் தப்பி இங்கே வந்து உட்கார்ந்தார். மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல் உள்ளே நுழைந்தார். 1714-ல் தேசிங்கு ராஜா போரில் விழுந்தார். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் கோட்டை தேவைப்பட்டது. தேவைப்பட்டதால் பூசினார்கள், உயர்த்தினார்கள், அடைத்தார்கள். 1761-க்குப் பிறகு அந்தத் தேவை மெல்ல மெல்ல இல்லாமல் போனது.

தேவைப்படாத கட்டடம் கல்குவாரி ஆகிவிடும். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களின் பக்கத்தில் நின்று படம் எடுக்காதவர்கள் குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன தூண்கள் அவை. கோட்டைக்குள் இருக்கும் வெங்கட்ரமணர் கோயிலின் நுழைவாயிலில் ராமாயணக் காட்சிகளையும் பாற்கடல் கடைதலையும் இன்றும் பார்க்கலாம். உள்ளே போனால் எத்தனை தூண் குறைகிறது என்பதும் தெரியும்.

இப்போது கோட்டைக்கு வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார்: இந்தியத் தொல்லியல் துறை. பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில் செஞ்சி உட்பட எட்டு அதன் பொறுப்பில் உள்ளன. மற்ற நான்கை மகாராஷ்டிர அரசு பார்க்கிறது. தலைவலி ஓரிடத்தில் இருப்பது ஒருவகையில் நல்லது. புகார் சொல்ல முகவரி உண்டு. ஆனால் ஒரே ஒரு துறை, இத்தனை நீள மதில், மூன்று மலை. இங்கே எதிரி பீரங்கியோடு வருவதில்லை.

பறவை வருகிறது. அரசம்பழம் தின்ற பறவை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எச்சமிடுகிறது. ஐப்பசி மழையில் விதை முளைக்கிறது. முதல் வருடம் விரல் நீளச் செடி. இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். மூன்றாம் வருடம் வேர் உள்ளே போய்விடும். பிடுங்கினால் சுண்ணாம்புக் காரை கையோடு வரும். பத்தாம் வருடம் வேர் கல்லைத் தள்ளும். அதற்குப் பிறகு மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. வேர் செத்து மக்கிய இடம் பொந்தாகி, மழைநீர் நேராக மதிலின் வயிற்றுக்குள் இறங்கும். உள்ளே நிரப்பிய மண் ஊறி உப்பும். ஒருநாள் இரவு மதில் சரியும். முதல் வருடம் ஒரு கூலியாள் அரை நாளில் முடித்திருக்கக்கூடிய வேலைக்கு, கடைசியில் டெண்டர், சாரம், பொறியாளர், பத்திரிகைச் செய்தி. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு மழை, திறந்து கிடக்கும் இடுக்கு ஒன்றைக்கூட விடாது.

சரிசெய்யும் முறையும் எளிதல்ல. பழைய சுவருக்குச் சிமென்ட் ஆகாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லை உதிர்க்கும். பூச்சு பளபளவென்று நிற்க, பின்னால் சுவர் மாவாகும். அதனால் சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைத்துப் பூச வேண்டும். காய்வதற்கும் பொறுமை வேண்டும். இந்தக் கைவேலை தெரிந்த கொத்தனார் தமிழ்நாட்டில் தேடித்தான் கிடைக்கிறார். மகன் டைல்ஸ் வேலைக்குப் போய்விட்டார். அதில் கூலி அதிகம், முதுகுவலி குறைவு.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் இன்னொரு பராமரிப்புச் சிக்கல், அதிகம் பேசப்படாதது. 1958-ம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. முதல் 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம். ஆனால் தகுதி அலுவலரிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அகலமும் உயரமும் கூடக் கூடாது.

சட்டத்தின் நோக்கம் நியாயமானது. அது இல்லையென்றால் கல்யாண மகாலின் பின்னணியில் இன்று ஒரு திருமண மண்டபத்தின் சீரியல் லைட் எரிந்துகொண்டிருக்கும். ஆனால் ஓட்டு வீட்டில் குடியிருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? கூரை ஒழுகுகிறது. ஓட்டை மாற்ற ஒரு வாரம் போதும். அனுமதிக்கு நில ஆவணம், வரைபடம், வீடு எப்போது கட்டியது என்பதற்குச் சான்று. அப்பா காலத்து வீட்டுக்குக் கட்டிய தேதியை எங்கே போய்த் தேடுவது? ஆகவே பலரும் செய்வது இரண்டில் ஒன்று: யாருக்கும் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் பூசுவது, அல்லது தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அடுத்த மழையைப் பார்ப்பது. இரண்டுமே கட்டடத்துக்குக் கேடு. இரண்டிலும் கோட்டைக்கு ஒரு லாபமும் இல்லை.

ஒரே சொந்தக்காரர் இருக்கும் இடத்திலேயே இந்தப் பாடு. சொந்தக்காரர்கள் நாற்பது பேராக இருந்தால்?

அதற்குத் தெற்கே, காரைக்குடிப் பக்கம் போக வேண்டும். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவிக் கிடக்கும் நகரத்தார் வீடுகள்தான் தமிழ்நாட்டின் உண்மையான பழைய கூட்டுக் குடியிருப்புகள். 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் சம்பாதித்த பணத்தில் எழுந்தவை. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். முகப்பைத் தாண்டினால் வளவு. வளவைச் சுற்றி அறைகள். மகனுக்குக் கல்யாணமானால் ‘வேறு வைப்பது’ வழக்கம்: ஒரே கூரையின் கீழ், அவனுக்கென்று ஓர் அறை, அவன் மனைவிக்கென்று தனி அடுப்பு, தனிக் கணக்கு. திருமணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. கோயிலுக்கும் ஊர்ப் பொதுவுக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. அடுக்குமாடிக்காரர்கள் இன்று ‘மெயின்டனன்ஸ்’ என்று சொல்வதை அவர்கள் அன்றே போட்டுப் பழகியிருந்தார்கள்.

அப்படிக் கணக்கில் புலியான சமூகத்தின் வீடே ஏன் இடிகிறது? கணக்கே காரணம். பாட்டனாருக்கு மூன்று மகன்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று என்று வைத்துக்கொண்டால் மூன்றாம் தலைமுறையில் 27 பங்கு. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் ஹூஸ்டனில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. 1989-ல் தமிழ்நாடும் 2005-ல் மத்திய அரசும் வாரிசுச் சட்டத்தைத் திருத்திப் பெண்மக்களுக்கும் சம பங்கு கொடுத்தன. நீதியான திருத்தம்; கூடவே பங்குக் கணக்கு இன்னும் நீண்டது. வீடு திறப்பதே ஒரு கல்யாணத்துக்கு, முன்னோருக்கான ஒரு படைப்புக்கு. மற்ற நாள்களில் காவலுக்கு ஒரு வயதானவர், கையில் பெரிய சாவிக்கொத்து.

இந்த வீடுகளில் நோய் தொடங்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். வளவின் நான்கு பக்கத்துக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிகின்றன. இரண்டு சரிவு சந்திக்கும் மூலைக்குக் கூடல்வாய் என்று பெயர். அந்த மூலையில் பெய்யும் மழை முழுவதும் அந்த ஒரு கோட்டின் வழியாகத்தான் இறங்குகிறது. அங்கே நாலு ஓடு நகர்ந்தால், அல்லது சருகு அடைத்துக்கொண்டால், நீர் உள்ளே வழிந்து கைமரத்தின் நுனியை நனைக்கும். தேக்குக்கு ஒரு மழை ஒன்றும் செய்யாது. ஐந்து மழைக்காலம் நனைந்தால் தேக்கும் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். விரலால் குத்தினால் உள்ளே போகும். கைமரம் இறங்கினால் தூணின் தலைக்கட்டை சாயும். அதோடு வளவின் ஒரு மூலையே இறங்கும். வருடா வருடம் ஆடி, ஆவணியில் ஆள் ஏற்றி ஓடு மாற்றினால் இது எதுவும் நடக்காது. ஓடு மாற்றும் கூலியை 27 பேரிடம் வசூலிக்க யார் போவது என்பதில்தான் வீடு விழுகிறது. ‘என் பங்கு அறை ஒழுகவில்லையே’ என்பவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

கடைசியில் யாரோ ஒருவர் பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போகிறார். முற்றத்தை 27-ஆக வெட்ட முடியாது. 1893-ம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது: ஒழுங்காகப் பிரிக்க முடியாத சொத்தை, பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டால், நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். வாங்குகிறவருக்கு வீடு வேண்டாம், மரம் வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கும் நிலைக்கதவுகளும் தூண்களும் பெரும்பாலும் இப்படி வந்து சேர்ந்தவை. நின்ற வீடுகளும் உண்டு. கானாடுகாத்தான் விசாலம், கோத்தமங்கலம் சாரதா விலாஸ் போன்றவை விடுதிகளாகிப் பிழைத்துக்கொண்டன. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலிலும் இருக்கின்றன. பட்டியல் ஓடு மாற்றாது.

செஞ்சியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியில் இரண்டு முடிவுகளையும் பார்க்கலாம். 1870-களின் தொடக்கத்தில் நகராட்சி அலுவலகமாக எழுந்த மேரி கட்டடம், கடற்கரையில் எல்லோர் கண்ணெதிரிலும் பல ஆண்டுகள் பழுதாகிக் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கிக் கடனுதவியில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அதே ஊரின் வைசியாள் வீதியில் கதை வேறு. தமிழ் வீடுகளின் திண்ணையும் தாழ்வாரமும் தொடர்ந்து ஓடும் தெரு அது. ஒருவர் இடித்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் திறந்துகொள்ளும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு இன்டாக் அமைப்பு தெரு முழுவதையும் ஒரே வேலையாக எடுத்துச் செய்தது. யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது 2008-ல் கிடைத்தது. விருதைவிட முக்கியம், வீடு வீடாகப் பேசி, தெருவுக்கே ஓர் அமைப்பு பொறுப்பேற்று வேலை நடந்த விதம்.

பொறுப்பாளர் இல்லாத இடங்களின் விலை உலகம் முழுக்க ஒன்றுதான். மும்பையில் 1940-களில் உறையவைத்த வாடகையில், சால் எனப்படும் வரிசை அறைக் குடியிருப்புகளின் சொந்தக்காரர்கள் பழுதுபார்ப்பதையே நிறுத்தினார்கள். குடியிருந்தவர்களோ ‘வீடு நம்முடையதில்லையே’ என்றார்கள். 1969-ல் மகாராஷ்டிரம் சட்டம் போட்டு, அந்தக் கட்டடங்களுக்குத் தீர்வை வசூலித்து, பழுதுபார்க்கத் தனி வாரியமே அமைத்தது. அப்படியும் 2017 ஆகஸ்ட் 31 அன்று பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் விழுந்து 33 பேர் இறந்தார்கள்.

‘ஏழைகளின் கட்டடம், அப்படித்தான்’ என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் சர்ஃப்சைடு. புளோரிடா கடற்கரையில் 1981-ல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு. வசதியானவர்கள், எல்லோரும் சொந்தக்காரர்கள், முறையான சங்கம். நீச்சல்குளத் தளத்தில் நீர்க்காப்பு போய்விட்டது, கான்கிரீட் அரிக்கிறது என்று 2018-ல் பொறியாளர் எழுதிக் கொடுத்தார். சங்கத்தில் சண்டை, நிர்வாகிகள் ராஜினாமா. ஒருவழியாக 2021-ல் 1.5 கோடி டாலர் வசூலிக்க முடிவானது. பணம் கட்டத் தொடங்க வேண்டிய தேதி ஜூலை 1. கட்டடம் ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின் சரிந்தது. 98 பேர் இறந்தார்கள்.

இந்தச் சண்டைக்குச் சட்டத்தில் பதில் கண்ட இடமும் உண்டு. எடின்பரோ நகரின் பழைய கல் குடியிருப்புகளில் கூரை ஒழுகினால் மேல்மாடிக்காரர் தலையெழுத்து என்ற பேச்சு இல்லை. ஸ்காட்லாந்தின் 2004-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லாத இடங்களில், கூரை, அடித்தளம், தாங்குசுவர் ஆகியவற்றின் பராமரிப்பு எல்லோருக்கும் பொது. பெரும்பான்மை முடிவு செய்தால் தரைத்தளத்துக்காரரும் பங்கு போட்டாக வேண்டும்.

தமிழ்நாடும் தாமதமாக அந்தப் பக்கம் வந்திருக்கிறது. 1994-ம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டம் பெயருக்கு இருந்தது. அதன் இடத்தில் 2022-ல் இயற்றிய புதிய சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. பாழடைந்த குடியிருப்பை இடித்துக் கட்ட இனி ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் தவம் கிடக்க வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் போதும். ஒற்றை ஆளின் பிடிவாதத்துக்குப் பயந்து 60 குடும்பங்கள் விரிசல் விட்ட கூரையின் கீழ் தூங்கிய நிலைக்கு இது மருந்து. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமானதை நகரம் மறந்திருக்காது. விரிசலைக் கவனித்துக் குடியிருந்தவர்கள் முன்னரே வெளியேறியதால்தான் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சட்டத்தின் கண் இடித்துக் கட்டுவதில்தான் நிற்கிறது. ஒரு பழைய வீட்டை இடிக்காமல் காப்பாற்ற நினைக்கும் 27 பங்காளிகளுக்கு, ‘மூன்றில் இரண்டு பேர் ஒப்பினால் ஓடு மாற்றலாம், மற்றவர் பங்கையும் வசூலிக்கலாம்’ என்று சொல்லும் எளிய ஏற்பாடு எதிலும் இல்லை. பரம்பரை வீடுகளுக்கு அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

இதெல்லாம் நமக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. ஏரிக்கரை உடைந்தால் ஊரே மண்வெட்டி எடுக்கும் குடிமராமத்து இந்த மண்ணின் ஏற்பாடு. வராதவரிடம் செலவை வசூலிக்க 1858-ல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட்டார்கள். செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் செட்டிகுளமும் சக்கரகுளமும் ஆண்டுதோறும் யாரோ தூர் எடுத்ததால்தான் குளமாக இருந்தன.

செஞ்சியில் செய்ய வேண்டியவை பெரிய தொகை கேட்பவை அல்ல. 100 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளின் பழுதுபார்ப்பு விண்ணப்பங்களை வாங்கி, வரைபடம் போட்டுக் கொடுத்து, முடிவையும் சொல்ல ஊரிலேயே ஒரு மேசை வேண்டும். உள்ளூர் இளைஞர்கள் சிலருக்குச் சுண்ணாம்பு வேலை பழக்கி, அவர்களுக்கு ஆண்டு முழுக்கக் கோட்டையிலேயே கூலி கொடுக்கலாம். அதே கைகள் ஊர் வீடுகளையும் பூசும். புரட்டாசியில் மதிலின் நீளம் முழுக்க நடந்து முளைத்த செடியைப் பிடுங்கும் ஒரு சிறு குழு வேண்டும். அதன் செலவு, சரிந்த மதிலைக் கட்டும் செலவில் ஒரு துளி. உலகப் பாரம்பரியம் என்று பலகை வைத்தவர்கள் இந்த மூன்றையும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொடங்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் இருப்பது அடுக்குமாடியானாலும் பங்காளிகளின் வீடானாலும், இந்த வாரம் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் சருகு இருந்தால் எடுத்துவிடுங்கள். செடி முளைத்திருந்தால் வேரோடு பிடுங்குங்கள். செலவு ஏதாவது ஆனால் ரசீதைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அவரவர் பங்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.